வீட்டுக்குக் கொம்பு சீவிய சங்கம்

சின்னமனூர் வட்டார வீடு மற்றும் மனைத் தரகர்கள் ஒழுங்குமுறைச் சங்கத்தார் என் வீட்டை அடித்தார்கள்; அது வீட்டின் நன்மைக்காகவே செய்யப்பட்டது என்று இன்றளவும் கூறி வருகிறார்கள். அதை மறுப்பது என் நோக்கமன்று. நடந்தவற்றை நடந்த வரிசையில் சொல்வதற்கு மட்டும் அனுமதி வேண்டுகிறேன்.

நான் அஞ்சலகத்தில் எழுத்தர். பெயர் பாண்டியராஜன். மேகமலைக்குச் செல்லும் சாலையோரம் ஆறு சென்ட் இடத்தில் எனக்கு ஒரு வீடு இருந்தது. முன்புறம் இரண்டு தூண்கள் தாங்கிய தாழ்வாரம், மாடியில் கைப்பிடிச் சுவர், வாசலின் இருபுறமும் இரண்டு சன்னல்கள். 2007ஆம் ஆண்டு வைகாசி மாதம் அதை விற்க வேண்டியதாயிற்று. என் மகள் திரிஷாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ஆகவே பேச்சும் இல்லை. ஐந்து வயது முடிவதற்குள் காதினுள் கருவி பொருத்தினால் பேச்சு வரும் என்றும், பிந்தினால் உறுதி கூற இயலாது என்றும் மதுரை மருத்துவர் தெரிவித்திருந்தார். செலவு எட்டு லட்சம். ஆனி மாதக் கடைசியில் அவளுக்கு ஐந்து முடிகிறது.

ஒரு பலகையில் ‘வீடு விற்பனைக்கு’ என்று எழுதி வாசலில் தொங்கவிட்டேன். மறுநாள் காலையில் அந்தப் பலகை விறகாகப் பிளக்கப்பட்டு, ஒரே அளவான பதினாறு துண்டுகளாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. மேலே காற்றில் பறக்காதபடி ஒரு கல். கல்லுக்கு அடியில் சங்கத்தின் விண்ணப்பப் படிவம்.

படிவத்தைப் பூர்த்தி செய்து நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். சங்கத் தலைவர் திரு. ராக்கையா அவர்கள் முப்பது ஆண்டுகள் மாட்டுத் தரகராக இருந்தவர். உழவுக்கு டிராக்டர் வந்து, வயல்கள் மனைகளாகி மஞ்சள் எல்லைக்கல் நடப்பட்டபோது, அவரும் அவருடன் சந்தையில் நின்ற எட்டுப் பேரும் ஒரே நாளில் வீட்டுத் தரகர்களாக ஆனார்கள். தொழில்தான் மாறியது. தோளில் கிடந்த சிவப்புத் துண்டும் கையில் இருந்த கம்பும் மாறவில்லை.

“வீட்டுக்கும் மாட்டுக்கும் என்னப்பா வித்தியாசம்?” என்று அவர் என்னைக் கேட்டார். “ரெண்டும் பேசாது. பேசாததை விக்கிறதுதான் தரகு. பேசுறது எதையும் நான் இதுவரைக்கும் வித்ததில்ல, தம்பி. அதுபாட்டுக்கு உண்மையச் சொல்லிரும்.”

“அப்படியே ஆகட்டும், ஐயா” என்றேன்.

“விலை துண்டுக்குள்ளதான். முழுக்கைய மொத்தமாப் பிடிச்சா அஞ்சு லட்சம். அப்புறம் ஒரு விரலைப் பிடிச்சா ஆறு, ரெண்டைப் பிடிச்சா ஏழு. வாங்குறவன் பிடிச்சது விக்கிறவனுக்குத் தெரியாது. விக்கிறவன் பிடிச்சது வாங்குறவனுக்குத் தெரியாது. நடுவுல நான் ஒருத்தன். கண்ணியமான தொழிலு.”

சங்கச் செயலாளர் ஜேசுராஜ் முப்பத்திரண்டு பக்க நடைமுறைக் கையேடு ஒன்றை என்னிடம் நீட்டினார். உறுப்பினர்களில் ஒருவரும் இதுவரை அதைத் திறந்ததில்லை என்றும், அந்த அளவுக்கு விதிகள் அவர்களுடைய இரத்தத்தில் ஊறியவை என்றும் பெருமையுடன் கூறினார். அச்சிட்ட எதையும் முழுவதும் படித்துவிடுவது என் வழக்கம். அன்றே படித்து முடித்தேன்.

மறுநாள் காலை ஒன்பது பேரும் வீட்டைப் பரிசோதிக்க வந்தார்கள். ராக்கையா கதவின் இரண்டு பலகைகளையும் அகலத் திறந்து பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு சன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் தட்டி எண்ணினார்.

“பல்லு பதினாலு. ஒண்ணு ஆடுது. வயசு இருவத்திரெண்டு இருக்கும்.”

“இருபத்திரண்டுதான், ஐயா. 85இல் என் தந்தையார் கட்டியது.”

“பாத்தியாலே” என்று ஜேசுராஜிடம் திரும்பினார். “வாயப் பாத்தாப் போதும்.”

கூடத்து மேற்கூரையில் மழைநீர் கசிந்து வட்டமாய்ப் படிந்திருந்த கறையை அண்ணாந்து பார்த்தபோது அவர் முகம் மாறியது. அது சுழி என்றார். முதுகில் அந்த இடத்தில் சுழி உள்ள மாட்டைக் கேரளாக்காரன்கூடத் தொட மாட்டான் என்றார். அவர் கண்ணைக் காட்டியதும் ஓர் உறுப்பினர் நாற்காலியில் ஏறி அந்தக் கறையைக் கடப்பாரையால் குத்தி எடுத்தார். சுழி போய்விட்டது. அந்த இடத்தில் வானம் தெரிந்தது.

அப்போது என் மனைவி அனுசுயா திரிஷாவை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்படியிலிருந்து வந்தாள்.

“ஏங்க, வீடு வாங்க வந்தாகளா, இடிக்க வந்தாகளா?”

“தயார் செய்ய வந்திருக்கிறார்கள்” என்று மெல்லச் சொன்னேன்.

ராக்கையா குழந்தையின் கன்னத்தைத் தட்டினார். அவளுக்குப் பேச்சு வராது என்று அறிந்ததும் மகிழ்ந்தார். “நல்லதாப் போச்சு. வீடு காட்டும்போது பேசுற பிள்ளைதான் ஆவாது. ‘மாமா, மழை பேஞ்சா இங்கன ஒழுகும்’னு சொல்லி, போன மாசம் ஒரு பிள்ளை நாலு லட்சத்தைக் கெடுத்திருச்சு.”

அனுசுயா குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். குழந்தை ராக்கையாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் யாருடைய முகத்தையும் அதிகம் பார்ப்பதில்லை; கைகளைத்தான் பார்ப்பாள். சோறு, தண்ணீர், தூக்கம் என்று அவளுக்கும் அனுசுயாவுக்கும் இடையில் இருந்த பேச்சு முழுவதும் விரல்களால் ஆனது.

தயாரிப்புப் பணி மூன்று நாள் நடைபெற்றது.

முதல் நாள் கொம்பு சீவினார்கள். மாடிக் கைப்பிடிச் சுவரின் முன்மூலைகள் இரண்டையும் உளியாலும் சம்மட்டியாலும் கூர்மையாக்கி, ஒன்றுக்குச் சிவப்பும் மற்றொன்றுக்குப் பச்சையும் பூசினார்கள். சிவப்புக் கொம்பு நன்றாக அமைந்தது. பச்சைக் கொம்பு சீவிக்கொண்டிருக்கும்போதே ஒடிந்து, கீழே நின்ற என் ஸ்கூட்டரின் மீது விழுந்தது. ஸ்கூட்டர் பாதியாக மடங்கியது. ஒற்றைக் கொம்பு உள்ளதையும் வாங்குவோர் உண்டு என்று ஜேசுராஜ் எனக்கு ஆறுதல் கூறினார்.

பிற்பகலில் லாடம். மாட்டைச் சாய்க்காமல் லாடம் அடிக்க முடியாது என்பதால், தாழ்வாரத் தூண்களில் வடம் கட்டி எட்டுப் பேரும் இழுத்தார்கள். மூன்றாவது இழுப்பில் இடது தூண் நடுவில் ஒடிந்து, தாழ்வாரக் கூரை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. “முன்னங்கால மடக்கிருச்சு, விடாத, அமுக்கு” என்று ராக்கையா கத்தினார். இருவர் ஓடிப்போய்க் கூரையின் மேல் ஏறி அமர்ந்துகொண்டார்கள். வாசற்படியில் இரும்புத் தகடு வைத்து ஆறு அங்குல ஆணிகள் அறையப்பட்டன. ஒவ்வொரு அறைக்கும் வீடு முழுவதும் அதிர்ந்தது. அலமாரியிலிருந்து பாத்திரங்கள் விழுந்தன. உள்ளறையில் திரிஷா தூங்கிக்கொண்டிருந்தாள். புரண்டுகூடப் படுக்கவில்லை. அந்தத் தூக்கத்தைப் பார்க்க முடியாமல் நான் வெளியே வந்து நின்றுகொண்டேன்.

இரண்டாம் நாள் சூடு. வீடு சோம்பலாக நிற்பதாகத் தலைவர் கருதினார். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் தெற்குச் சுவரில் மூன்று கோடும் ஒரு வட்டமும் இழுத்தார்கள். வட்டம் மின்சாரக் கம்பியின் மேல் விழுந்ததால் மீட்டர் பெட்டி வெடித்து, சூடு போட்டவர் நான்கடி தள்ளிப்போய் விழுந்தார். அத்துடன் வீட்டில் மின்சாரம் நின்றது. பின்னர் சுறுசுறுப்புக்காக வாலை முறுக்கினார்கள். பின்புறக் கழிவுநீர்க் குழாயே வால் என்று முடிவு செய்யப்பட்டிருந்தது. அது முறுக்கிய கையோடு வந்துவிட்டது.

அதன் பின்னர் அடி. எட்டுக் கம்புகள் ஒரே நேரத்தில் சுவர்களின் மீது இறங்கின.

“அடிச்சாத்தான் நிமிர்ந்து நிக்கும்” என்று ராக்கையா நாற்காலியில் அமர்ந்தபடி எனக்கு விளக்கினார். “அடி வாங்காத மாடு, வாங்குறவன் முன்னால அசை போட்டுக்கிட்டு நிக்கும். அடி வாங்குனது கண்ணை உருட்டிக்கிட்டு நிக்கும். அதப் பாத்துட்டு அவன், ஆகா, துடியான மாடுன்னு நெனைப்பான். பயத்தைத் துடின்னு காட்டுறதுதான் தம்பி எங்க திறமை. முப்பது வருசமா ஊருக்கு இதத்தான் செஞ்சுட்டு வாரோம்.”

அவர் பேசி முடிப்பதற்குள் ஒரு கம்பு சுவரில் பட்டுத் திரும்பி, அடித்தவர் வாயிலேயே இறங்கிற்று. அவர் இரண்டு பற்களைக் கையில் துப்பினார். வீடு முட்டிவிட்டதாக ஜேசுராஜ் பதிவேட்டில் எழுதிக்கொண்டார்.

முட்டும் வீட்டுக்கு மூக்கணாங்கயிறு கட்டாயம் என்று கையேட்டிலேயே உள்ளது, ஒன்பதாம் விதி. இரண்டு சன்னல்களும் மூக்குத் துவாரங்கள் என்று கொள்ளப்பட்டு, ஒன்றின் வழியே நுழைத்த வடம் கூடத்தைக் கடந்து மற்றொன்றின் வழியே வெளியே இழுக்கப்பட்டது. அதன் இரு முனைகளும் சாலைக்கு எதிர்ப்புறம் இருந்த புளிய மரத்தில் கட்டப்பட்டன. சாலையின் குறுக்கே போதிய உயரத்தில்தான் கட்டியிருந்தார்கள். ஆனால் அந்த நேரத்தில் வைக்கோல் பாரம் ஏற்றிய லாரி ஒன்று வந்தது. வைக்கோலில் சிக்கிய வடம் ஒரு நொடி விறைத்து நின்றது. அடுத்த நொடி, என் வீட்டின் முன்சுவர், இரண்டு சன்னல்களுடன், லாரியின் பின்னால் சாலையில் போய்க்கொண்டிருந்தது.

கதவும் நிலையும் மட்டும் தனியாக நின்றன. அனுசுயா அடுப்படியிலிருந்து வந்து, கதவுக்கு அப்பால் நின்ற எங்கள் அனைவரையும் கதவைத் திறக்காமலேயே பார்த்தாள்.

“மூக்கறுந்து போச்சு” என்றார் ராக்கையா. “கோவக்கார வீடு.”

மூன்றாம் நாள் தயாரிப்பு என்னைப் பற்றியது. விற்பவர் முகத்தில் அவசரம் தெரியலாகாது என்பது பதினோராம் விதி. ஜேசுராஜ் என்னை எதிரில் நிறுத்திக்கொண்டார்.

“அவசரமாண்ணே?”

“ஆமாம், ஆனி முடிவதற்குள்...”

கன்னத்தில் அறைந்தார். சிறிது நேரம் ஒரு காதில் எனக்கு எதுவும் கேட்கவில்லை. என் மகள் இருக்கும் இடம் இதுதான் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

“அவசரமாண்ணே?”

“குழந்தைக்கு அறுவை...”

மறு கன்னம். உதடு கிழிந்தது. இவ்வாறு ஆறு முறை கேட்கப்பட்டது. ஆறாம் முறை, எனக்கு இவ்வுலகில் எந்த அவசரமும் இல்லை என்று தெளிவாகக் கூறினேன். ஜேசுராஜ் தம் கைக்குட்டையால் என் வாயைத் துடைத்துவிட்டு, நல்ல தேர்ச்சி என்றார். நான் நன்றி தெரிவித்தேன்.

அன்று பகல் பதினோரு மணிக்கு வாங்குபவர் வந்தார். குமுளியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் வர்க்கீஸ் என்பவர். எட்டு உறுப்பினர்களும் கம்பைத் தோளில் சார்த்தி வரிசையாக நின்றார்கள். அவர் ஒற்றைக் கொம்பையும், மடங்கிய முன்னங்காலையும், சூட்டையும், சுவரில்லாத முகப்பையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். என் கிழிந்த உதட்டையும் பார்த்தார்.

“இங்ஙன ஒரு குடோன் கெட்டணும்னு வந்நதா. இடிக்கறதுக்கு ஒருத்தன் ரெண்டு லட்சம் கேட்டான். இது பாதி வேலை முடிஞ்ஞல்லோ. நிங்ஙள் நல்ல ஆளுங்கதான்.”

ராக்கையா மார்பை நிமிர்த்தினார். சங்கத்தின் தயாரிப்பு முறை வீணாகாது என்று உறுப்பினர்களுக்குச் சிறியதோர் உரை ஆற்றினார். பின்னர் சிவப்புத் துண்டை எடுத்து உதறி, வர்க்கீஸின் வலக்கையின் மீதும் தம் கையின் மீதும் போர்த்தினார். துண்டு இரண்டு முறை அசைந்தது. அவர்கள் முகத்தில் எதுவும் தெரியவில்லை. வர்க்கீஸ் தலையசைத்தார்.

பிறகு துண்டு என் கைக்கு வந்தது. ராக்கையாவின் கரடுமுரடான கை என் கை முழுவதையும் பற்றியது: ஐந்து. பிறகு ஒரு விரலை மட்டும் பிடித்தது: ஆறு.

“சுழி இருந்த வீடு, தம்பி. முட்டுன வீடு. அதுக்கு மேல ஒருத்தன் தரமாட்டான். அவசரமில்லேன்னா இருக்கட்டும்.”

ஆறு லட்சத்தில் அறுவை நடக்காது. அவசரமில்லை என்று கூறும் பயிற்சி மட்டுமே எனக்கு அளிக்கப்பட்டிருந்தது.

ஒடிந்த தூணின் மீது திரிஷா அமர்ந்திருந்தாள். நின்றுகொண்டிருந்த எங்களுக்குத் துண்டின் மேற்புறம்தான் தெரிந்தது. அவளுடைய உயரத்துக்குத் துண்டின் அடிப்புறம் திறந்த வாசல். விரல்களைத் தவிர வேறொன்றையும் படித்தறியாத அந்தக் குழந்தை, தாயின் கையைப் பிடித்து இழுத்தாள். முழுக்கையையும் பற்றினாள். பின்பு நான்கு விரல்களைச் சேர்த்துப் பிடித்து, வர்க்கீஸைக் காட்டினாள். மறுபடி முழுக்கை, பின்பு ஒரு விரல். என்னைக் காட்டினாள்.

“ஏங்க, பிள்ளை என்னமோ சொல்லுது” என்றாள் அனுசுயா. “அவருக்கு இப்பிடி, உங்களுக்கு இப்பிடி.”

படிவம் கொடுத்த அன்று தலைவர் எனக்குக் கற்பித்த கணக்கு அது. “அவருக்கு ஒன்பது” என்றேன். “நமக்கு ஆறு.”

அனுசுயா குழந்தையை என்னிடம் கொடுத்தாள். நேராகப் போய், ராக்கையாவின் கையில் கிடந்த துண்டுக்குள் தன் கையை நுழைத்தாள். சின்னமனூரில் எந்தச் சந்தையிலும் ஒரு பெண்ணின் கை அந்தத் துண்டுக்குள் போனதில்லை. அதனால் அவர் கையை இழுத்துக்கொள்ளவும் மறந்து நின்றார். துண்டு ஒரு முறை அசைந்தது: முழுக்கை. மறுமுறை அசைந்தது: நான்கு விரல். மூன்றாம் அசைவுக்குப் பொருள் கையேட்டில் இல்லை. ராக்கையாவின் கண்கள் வெளியே வந்தன.

“ஆத்தா, விடு.”

“எத்தனைண்ணே பிடிச்சிருக்கேன்?”

“ஆத்தா, விரலு.”

அவருடைய இடது முழங்கால் மடங்கியது. பின்னர் வலது. லாடத்துக்குச் சாய்ந்த மாடு போல அவர் வாசலில் சரிந்தார். எட்டுக் கம்புகளும் தோள்களிலிருந்து இறங்கி, அனுசுயாவின் தலைக்கு மேல் ஓங்கின.

நான் சண்டைக்காரன் அல்லன். குழந்தையை ஒரு கையில் அணைத்துக்கொண்டு, மறு கையால் சட்டைப் பையிலிருந்து கையேட்டை எடுத்துப் பத்தொன்பதாம் பக்கத்தைத் திறந்தேன். கிழிந்த உதட்டால் இயன்றவரை உரக்கப் படித்தேன்.

“விதி பதினான்கு. துண்டுக்குள் ஒரு கை மற்றொரு கையைப் பிடித்துவிட்டால், பிடித்த கை தானாக விடும்வரை, கூட்டத்தில் எவரும் அசைதல் ஆகாது. அசைபவர் எவராயினும் சங்கத்திலிருந்து அன்றே நீக்கப்படுவார்.”

கம்புகள் ஓங்கிய இடத்திலேயே நின்றன.

“அப்படியாண்ணே போட்டிருக்கு?” என்று ஜேசுராஜ் அசையாமல் கேட்டார்.

“தலைவர் கையொப்பத்துடன்” என்றேன்.

“ஏலே, அடிங்கடா” என்றார் ராக்கையா தரையிலிருந்து.

“உங்க கையெழுத்துத்தான தலைவரே” என்றார், முந்தின நாள் பற்களை இழந்தவர். ஒருவரும் அசையவில்லை. வெயிலில், கம்பை ஓங்கிய கையுடன், எட்டுப் பேரும் வேர்த்துக்கொண்டு நின்றார்கள்.

துண்டுக்குள் முருங்கைக் குச்சி ஒடிந்தது போல ஓர் ஓசை கேட்டது.

“ஒம்பது” என்றார் ராக்கையா.

“சத்தமாச் சொல்லுங்கண்ணே” என்றாள் அனுசுயா, குரலைச் சற்றும் உயர்த்தாமல். “எம்பிள்ளைக்குக் கேக்கணும்.”

“ஒம்பது.”

“இன்னும் கேக்கலண்ணே.”

இரண்டாவது ஓசை. இம்முறை ‘ஒம்பது’ புளிய மரத்துக் காக்கைகளைக் கிளப்பியது. வர்க்கீஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, “ஒன்பதுதன்னெ. ஞான் பிடிச்சதும் ஒன்பது” என்று சாட்சி கூறினார். அதன் பின்னரே அனுசுயா கையை வெளியே எடுத்து, சேலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

மாட்டை விற்றாலும் அதைக் கட்டியிருந்த கயிற்றை விற்பவரே வைத்துக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். வீட்டுக்கு எது கயிறு என்று சங்கத்தார் நெடுநேரம் விவாதித்து, கதவு என்று தீர்மானித்தார்கள். ஆகவே பத்திரம் பதிந்த அன்று நான் கதவைத் தலையில் சுமந்துகொண்டு, தேனியில் பார்த்திருந்த வாடகை வீட்டுக்குப் புறப்பட்டேன்.

ஆனி இருபத்தாறாம் நாள் அறுவை நடந்தது. புண் ஆறி ஒரு மாதம் கழிந்த பின்னர், காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் சிறு வில்லையைப் பொருத்திக் கருவியை இயக்கினார்கள். நாங்கள் அழைத்தோம், கை தட்டினோம், கிண்ணத்தைத் தட்டினோம். அவள் எங்கள் கைகளையே பார்த்தாள். கேட்கிறதா, பழக்கத்தால் பார்க்கிறாளா என்று சொல்ல முடியவில்லை. பொறுத்திருங்கள், ஒரு நாள் அவளே காட்டுவாள் என்றார் மருத்துவர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கத்தார் எங்களைப் பாராட்ட வந்தார்கள். ஒன்பது லட்சம் அவ்வட்டாரத்தில் அதுவரை சங்கம் பெற்றுத் தந்த அதிக விலையாம். அந்தச் சாதனையை விழாவாக எடுக்க விரும்பினார்கள். மேடை இல்லாததால், முற்றத்தில் நான்கு செங்கற்களின் மீது எங்கள் கதவைக் கிடத்தினார்கள். ராக்கையா அதன் மேல் ஏறி நின்றார். வலக்கையில் இரண்டு விரல்கள் இன்னமும் மூங்கில் சிம்புடன் கட்டப்பட்டிருந்தன. முதல் வரிசையில் அனுசுயாவின் மடியில் திரிஷா, அவருக்கு முதுகு காட்டி, தாயின் வளையல்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

“பேசாததைப் பேச வைக்கிறதுதான் நம்ம சங்கத்தோட லட்சியம்” என்று தலைவர் தொடங்கினார். “அந்த வீட்ட நாங்க அடிச்சோமின்னு சொல்றாக. அடிக்கலைய்யா. வளத்தோம். இந்தப் பிள்ளை இன்னைக்குக் கேக்குதுன்னா, அதுக்கு எங்க கம்புதான் காரணம். எங்க உழைப்பு, எங்க நேர்மை, துண்டுக்குள்ள நாங்க காப்பாத்துற கண்ணியம்...”

வளையல்களின் மேல் இருந்த திரிஷாவின் விரல் நின்றது. அவள் மெல்லத் திரும்பினாள். அவர் கையையல்ல, வாயைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பின்னர் காதுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய், வில்லையைக் கழற்றி, அதைத் தாயின் உள்ளங்கையில் பத்திரமாக வைத்துவிட்டு, மறுபடி வளையல்களை எண்ணத் தொடங்கினாள்.

அனுசுயா என்னைப் பார்த்தாள். கேட்கிறது.